தொழுகைப் பாயில் கண்ட இரத்தப் புள்ளி



வாப்பாவின் முஸல்லாவைத் துவைக்க எடுத்த உம்மா, அதில் காய்ந்துபோன இரத்தப் புள்ளிகளைக் கண்டார்கள். ஸஜ்தாவில் மூக்கு படும் இடம் அது. கேட்டதற்கு, "கண்ணாடி அழுத்துன புண்ணு, தானா ஆறிடும்" என்றார்கள் வாப்பா. இரண்டு ஆண்டுகளாக அவர்கள் சொல்லிவந்த பதில் அதுதான். இடப்பக்க மூக்கில் மிளகளவே இருந்த, பளபளப்பான கறுத்த பரு. சில நாள் பொருக்குத் தட்டும், உளூவில் முகம் கழுவும்போது பொருக்கு உதிர்ந்து இரத்தம் கசியும், மீண்டும் மூடிக்கொள்ளும். மருந்துக்கடையில் வாங்கிய களிம்புகள் பல தீர்ந்தன. ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் நானும் அதை நாள்தோறும் பார்த்தேன், ஒருநாளும் கேட்கவில்லை. அந்தக் குற்றவுணர்வே இக்கட்டுரையை எழுத வைத்தது.

தோல் மருத்துவர் உருப்பெருக்கி வைத்துப் பார்த்துவிட்டு, மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு துணுக்கைத் திசுப் பரிசோதனைக்கு எடுத்தார். 'பேசல் செல் கார்சினோமா' என்று முடிவு வந்தது. தோல் புற்றுநோய் வெள்ளையர்களுக்கு வருவது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். நம்மவர்களுக்கு அது குறைவு என்பது உண்மை. வராது என்பது உண்மையன்று. நம் நிறத்தில் இவ்வகைக் கட்டி பெரும்பாலும் கறுத்துத் தோன்றுவதால் மச்சமென்று விட்டுவிடுகிறோம். வாப்பா 30 ஆண்டுகள் வளைகுடாவின் வெயிலில் கட்டுமானப் பணி செய்தவர்கள். பல ஆண்டு வெயில் இதற்கு முக்கியக் காரணம் என்றார் மருத்துவர். இவ்வகை பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் குருத்தெலும்பு வரை அரித்துச் செல்லும். மெலனோமா போன்ற வேறு வகைகளோ விரைந்து பரவக்கூடியவை. எந்த வகை என்பதைச் சோதனைதான் சொல்லும்.

"முகத்தை வெட்டிக்கிட்டு பள்ளிக்கு எப்படி வாப்பா போவேன்?" என்று என்னிடமே கேட்டார்கள். நோயைவிட அந்த வெட்கமே அவர்களை வாட்டியது. "வாப்பா, இன்னும் ஒரு வருஷம் விட்டா வெட்டுற இடம் பெருசாகும்னு டாக்டர் சொல்றாங்க" என்றேன். மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். நான்காம் நாள் பஜ்ருக்குப் பின், "இன்ஷா அல்லாஹ், போவோம்" என்றார்கள்.

இதய அடைப்புக்காக வாப்பா ஆஸ்பிரின் உண்பவர்கள். அறுவைக்கு முன் அதை நிறுத்திவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். மருத்துவரோ, கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாதென்று கண்டித்தார். சர்க்கரை அளவையும் முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார்.

முழு மயக்கம் தேவைப்படவில்லை. ஊசி ஏறும்போது எரிந்தது. பிறகு இழுப்பதும் தொடுவதும் தெரிந்ததே தவிர வலி இல்லை. கட்டியையும் அதைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து அகற்றி, விளிம்புகளில் நோய் எஞ்சியுள்ளதா என்றறிய ஆய்வகத்துக்கு அனுப்பினர். பள்ளத்தை மூடக் காதின் முன்புறத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டி, அதன் மேல் பஞ்சுப் பொதியை வைத்துத் தைத்தனர். அன்று மாலையே வீடு திரும்பினோம்.

முதலிரு நாட்கள் முகமும் கண்ணிமைகளும் வீங்கிக் கருநீலமாயின. தலையணைகளை உயர்த்திப் படுத்தது உதவியது. வலிக்குப் பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. இரண்டாம் இரவு கட்டின் ஓரத்தில் இரத்தம் கசிந்தபோது, சொல்லித் தந்தபடி சுத்தமான துணியால் இடைவிடாது 20 நிமிடம் அழுத்தினேன், நின்றது. நிற்காவிட்டாலோ, காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள். ஏழாம் நாள் பொதியை எடுத்தபோது ஒட்டுத் தோல் ஊதா நிறத்தில் இருந்தது. உம்மா அழுதுவிட்டார்கள். ஆரம்பத்தில் அப்படி இருப்பது வழக்கமே என்றார் மருத்துவர். பின்னர் மெல்ல இளஞ்சிவப்பானது.

வாப்பாவுக்கு மிகக் கடினமாக இருந்தது தொழுகைதான். குனிந்தால் முகத்தில் இரத்த அழுத்தம் கூடி ஒட்டு பெயரக்கூடும் என்பதால் இரண்டு வாரம் தலை தாழ்த்தக் கூடாது. கட்டும் நனையக் கூடாது. இதை எங்கள் ஆலிமிடம் அப்படியே தெரிவித்தோம். கழுவ இயன்ற உறுப்புகளைக் கழுவுவது, கட்டுள்ள இடத்துக்கு மஸ்ஹு, தயம்மும் ஆகியவற்றின் முறை, அமர்ந்தபடி சைகையால் ருகூவும் ஸஜ்தாவும் செய்வது ஆகியவற்றை விளக்கினார். இதில் மத்ஹபுகளுக்கிடையே விவரங்கள் வேறுபடுவதால், நீங்கள் உங்கள் ஆலிமிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஆலிம் நினைவூட்டிய பிறகே வாப்பாவின் மனம் அடங்கியது. ஆயினும் முதல் நாள் நாற்காலியில் அமர்ந்து தொழுதபோது அவர்களின் தோள்கள் குலுங்கியதைக் கண்டேன்.

விளிம்புகளில் நோய் இல்லை என்று ஆய்வக முடிவு வந்தது. அல்ஹம்துலில்லாஹ். மூன்றாம் வாரம் ஜுமுஆவுக்குச் சென்றோம். சிலர் உற்றுப் பார்த்தனர். பெரும்பாலோர் ஸலாம் சொல்லி நலம் விசாரித்தனர். தம் கன்னத்திலும் ஆறாத புண் இருப்பதாக ஒரு பெரியவர் தனியே வந்து காட்டினார். வாப்பா வெட்கத்தை மறந்து அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள்.

தழும்பு முழுதாக அடங்க ஓராண்டு ஆகலாம். ஒருமுறை வந்தவருக்கு வேறிடத்தில் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், குறித்த காலத்தில் பரிசோதனைக்குப் போகிறோம். வெளியே செல்கையில் அகன்ற தொப்பியும் வெயில் தடுப்புக் களிம்பும் வழக்கமாகிவிட்டன.

நாள்தோறும் ஐந்து வேளை முகத்தையும் கைகளையும் பாதங்களையும் கழுவுகிறோம். அந்நேரத்தில் நம் தோலைச் சற்றுக் கவனிப்போம். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், தானாகக் கசியும் இரத்தம், உருவமோ நிறமோ மாறும் மச்சம், உள்ளங்காலிலோ நகத்தடியிலோ பரவும் கருமை ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "ஒன்றுமில்லை" என்றாலும், என்னைப் போல் இருந்துவிடாமல் மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. வாப்பாவுக்காகவும் துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.