ஏழு மில்லிமீட்டர்

தச்சங்குறிச்சி வாடிவாசலில் மாடு அவிழ்க்கும்போது கிளம்புகிற புழுதி மண்ணாக விழாது, மாவாக மிதக்கும். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். படம் எடுக்கப் போகிறவர்கள் தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்று மதியம் வரை அந்த மாவைக் குடித்துவிட்டு வருவார்கள். அவர்களோடு சேர்ந்து அவர்களுடைய லென்ஸும் குடிக்கும்.

அப்படிக் குடித்த ஒரு லென்ஸில்தான் நான் தொழில் கற்றேன். நிக்கான் 50 மி.மீ., எஃப் 1.8, கையால் ஃபோகஸ் செய்கிற பழைய வகை. வளையத்தைத் திருப்பினால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி விரலுக்குள் ‘நற’ என்றது. கேமரா ரிப்பேர் கடை பாய் அதை என்னிடம் நீட்டி, “கண்ண மூடிக்கிட்டுத் திருப்பு. எங்க கடிக்குதுன்னு சொல்லு” என்றார். ஐந்து அடியிலிருந்து மூன்று அடிக்கு வரும் இடத்தில் கடித்தது. சொன்னேன். “அப்ப புழுதி அங்கதான் உக்காந்திருக்கு. ஜல்லிக்கட்டுக்காரன் அவ்வளவு பக்கத்துல ஃபோகஸ் பண்ண மாட்டான். ஓடாத எடத்துலதான் தூசி தங்கும்” என்றார். முதல் பாடம் அதுதான்.

பாய் கடை, கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. ஒரு மேசை, ஒரு மேசை விளக்கு, பின்னால் தட்டு தட்டாகத் தகர டப்பாக்கள். வாட்ச் ரிப்பேரில் தொடங்கியவர். ஸ்டுடியோக்காரர்கள் கேமராவைக் கொண்டுவரக் கொண்டுவர அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டுத் திருச்சியில் வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நாளில், அப்பாவின் பழைய யாஷிகா கேமராவைச் சரிசெய்யக் கொண்டுபோனவன், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் மாதம் முழுக்கத் திருகு மட்டும்தான். கூட்டல் குறி போட்ட திருகெல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஜப்பான் லென்ஸில் இருக்கும் திருகின் பள்ளம் வேறு, நம் கடைகளில் கிடைக்கும் ஃபிலிப்ஸ் முனையின் சரிவு வேறு. அழுத்தித் திருகினால் முனை மேலே ஏறி வந்து பள்ளத்தைத் தின்றுவிடும். பாய் ஒவ்வொரு முனையையும் எண்ணெய்க் கல்லில் தேய்த்துத் தனக்கென்று ஆக்கி வைத்திருந்தார். எந்தத் திருகையும் கழற்றும் முன் சற்றே இறுக்கப் பார், பிறகு கழற்று என்பார். ஒட்டியிருக்கும் பிடி அதில் விட்டுக்கொடுக்கும். லென்ஸின் முன் வளையத்தில் திருகே இருக்காது. ரப்பர் அடைப்பானை அழுத்தித் திருப்பித்தான் எடுக்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்தது ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் வெட்டிய வட்டங்கள், அளவுக்கு ஒன்று.

லென்ஸின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர் முறுக்கு உழக்கை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மேலே கைப்பிடியைத் திருகுகிற பித்தளை உழக்கு. “கை சுத்துது. மாவு சுத்துதா? நேராத்தானே எறங்குது? லென்ஸும் அதேதான். ஒன் விரலு சுத்தும், கண்ணாடி நேரா முன்னால போகும்.”

சுற்றுவதை நேர் ஓட்டமாக மாற்றுவது மரை. அதை ஃபிட்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் படித்த மரை வேறு. 6 மி.மீ. போல்ட்டின் மரைக்கு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்வு. இந்த 50 மி.மீ. லென்ஸ் தூரத்துக் கோபுரத்திலிருந்து 45 செ.மீ. நெருக்கத்தில் இருக்கும் முகத்துக்கு வர வேண்டுமானால் கண்ணாடிக் கூட்டம் ஏறத்தாழ 7 மி.மீ. முன்னே வர வேண்டும். போல்ட் மரையில் அதற்கு ஏழு சுற்று ஆகும். அதற்குள் மாடு வாடிவாசலைத் தாண்டி ஊருக்கே போய்விடும். அரைச் சுற்றுக்குள், மணிக்கட்டைத் திருப்புகிற அளவிலேயே, அந்த 7 மி.மீ. முடிய வேண்டும். மரையைச் செங்குத்தாகச் சரித்தால் நடக்கும். ஆனால் சரிந்த மரை ஒன்றே ஒன்று இருந்தால் பிடிமானம் இராது, ஆடும். அதனால் ஒரே குழலில் பல மரைகளைப் பக்கம் பக்கமாக வெட்டியிருப்பார்கள். ஆறு, எட்டு, அதற்கு மேலும் இருக்கும். ஒவ்வொன்றும் விளிம்பில் தனித்தனி வாசலில் தொடங்கி, ஒன்றோடொன்று சேராமல் ஒரே சரிவில் ஏறும். கழற்றிய குழலை விளக்கில் பிடித்துப் பார்த்தபோது, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் படித்தும் இதைப் பார்க்காமல் வந்தோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இதுவும் பாதிதான். ஒரே மரைக்குழல் என்றால் கண்ணாடியும் விரலோடு சேர்ந்து சுற்றும். எஃப் எண் எழுதிய வளையம் தலைகீழாகப் போகும், முன்னால் மாட்டிய ஃபில்டர் திரும்பிவிடும். ஆகவே நல்ல லென்ஸ்களில் குழல் மூன்று. வெளியே அசையாத உடல். நடுவில் விரலோடு சுற்றுகிற குழல். அதன் வெளிப்பக்க மரை ஒரு கை, உள்பக்க மரை எதிர்க் கை. உள்ளே கண்ணாடியைத் தாங்கும் குழல். நடுக்குழல் சுற்றிக்கொண்டே முன்னே வரும். எதிர் மரையால் உள்குழல் அதிலிருந்து இன்னும் முன்னே தள்ளப்படும். உள்குழல் சுற்றாதபடி ஒரு சிறு பித்தளைச் சாவி, உடலில் வெட்டிய நேர்ப் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். விரல்நகத்தின் அகலம்கூட இல்லாத அந்தச் சாவிதான் எனக்கு இன்றுவரை பிடித்த பாகம். அது கொஞ்சம் தேய்ந்தால் போதும், வளையத்தைத் திசை மாற்றும்போது படம் ஒரு துளி துள்ளும்.

இப்போது அந்தத் தச்சங்குறிச்சி லென்ஸ். முன்புறம் கழற்றி, ஃபோகஸ் வளையத்தை எடுத்து, சாவியைப் பிரித்து, குழலைத் திருகிக்கொண்டே போனேன். ஆர்வத்தில் வேகமாகத் திருகினேன். குழல் கையோடு வந்துவிட்டது. பாய் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க பிரிஞ்சுச்சு?”

எனக்குத் தெரியவில்லை.

அவர் திட்டவில்லை. பெட்ரோல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டார். பழைய கிரீஸைக் கழுவினேன். மூங்கில் குச்சியைச் சீவி ஒவ்வொரு மரையையும் துடைத்தேன். துணியில் வந்தது தச்சங்குறிச்சியின் செம்மண். அன்று மாலை சேர்க்கத் தொடங்கினேன். மரைக்கு எட்டு வாசல் இருந்து, ஒரு முழுச் சுற்றுக்கு 12 மி.மீ. நகரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாசல் தப்பினால் கண்ணாடி 1.5 மி.மீ. தள்ளி உட்காரும். எந்த வாசலில் நுழைத்தாலும் குழல் வழுவழுவென்றுதான் ஏறும். தப்பு என்று கைக்குத் தெரியாது. வெளிமரைக்கு ஆறு வாசல், உள்மரைக்கு ஆறு வாசல் என்றாலே முப்பத்தாறு விதமாகச் சேர்க்கலாம். சரியாக அமைவது ஒன்று. நான் மூன்று நாள் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தேன். மூன்றாம் நாள் இரவு பாய் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். குழல்களை வாங்கி, மிக மெதுவாக, சுவர்க்கடிகாரத்தின் நிமிட முள் நகர்கிற வேகத்தில் திருகினார். ‘டிக்’ என்று ஒரு சின்ன சத்தம். பிரியும் கணம். அந்த இடத்திலேயே இரண்டு குழலிலும் ஊசியால் ஒரு கோடு இழுத்தார். பிறகு ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். முப்பது வருஷத்து லென்ஸ்கள் அதில் இருந்தன. பெயர், மரையின் வாசல் எண்ணிக்கை, பிரிந்த இடம். பிரிந்த இடத்தைக் கடிகார மணியாக எழுதியிருந்தார்: ‘பத்து மணி’, ‘ரெண்டேகால்’. வாட்ச்காரர் அல்லவா.

சேர்த்தாயிற்று. கிரீஸ்? அதில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், கிரீஸ் கிரீஸ்தானே என்று பேரிங்குக்குப் போடுவதை எடுத்துத் தடவினேன். வளையம் வெண்ணெயாகச் சுற்றியது. சித்திரை வெயிலில் அதிலிருந்து எண்ணெய் பிரிந்து, உள்ளே இறங்கி, துளையைத் திறந்து மூடும் தகடுகளில் படர்ந்துவிட்டது. தகடுகள் ஒட்டிக்கொண்டன. லென்ஸை மறுபடி முழுக்கப் பிரித்தோம். பேரிங் கிரீஸ் ஓடவிடுவதற்கு ஆனது. லென்ஸுக்கு வேண்டியதோ பிடித்துவிடுவது. விரலை எடுத்த இடத்தில் கண்ணாடி நிற்க வேண்டும், கீழே குனிந்தாலும் தானாக இறங்கக் கூடாது. பாய் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் கிரீஸை வைத்து இழுத்துப் பார்ப்பார். பாகுக்குப் பதம் பார்க்கிற மாதிரியே. இழை அறுபடாமல் வர வேண்டும். போடுவதும் மரையின் பள்ளம் நிறைய அல்ல; மேலே ஒரு படலம் மட்டும்.

பல நல்ல பழைய லென்ஸ்களில் ஒரு குழல் பித்தளை, மற்றது அலுமினியம் என்று இருக்கும். ஒரே மென்மையான உலோகம் தன்னோடு தானே உரசினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்பதை ஐ.டி.ஐ.யில் படித்திருந்தேன். ஏன் படித்தோம் என்பது இங்கே விளங்கியது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் கடலோரக் கல்யாணங்களுக்குப் போன லென்ஸ்கள் வந்தால் அலுமினிய மரையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், உப்புக் காற்றின் வேலை. அதற்கு வைத்தியம் பொறுமை. பெட்ரோலில் ஊறவைத்துத் தினம் ஒரு நூல் அசைப்பது.

கடைசி வேலை, தூரத்தைச் சரிபார்ப்பது. பழைய ஃபிலிம் கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் தேய்த்த கண்ணாடித் துண்டை வைத்து டேப் ஒட்டுவோம். ஷட்டரைத் திறந்தே நிறுத்திவிட்டு, வளையத்தை எட்டைப் படுக்கப்போட்ட அந்தக் குறிக்குத் திருப்பி, மாடியிலிருந்து தூரத்துச் செல்போன் டவரைப் பார்ப்போம். வாட்ச்காரரின் கண் கண்ணாடி வழியே பார்த்தால் டவரின் குறுக்குக் கம்பிகள் தலைகீழாகத் தெரியும். அவை கூர்மையாக இருக்க வேண்டும். எஃப் 1.8இல் இந்தக் கூர்மைக்கு இருக்கும் இடம் முன்னும் பின்னும் 0.05 மி.மீ. அளவுதான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. கேமராவில் லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து ஃபிலிம் வரை நிக்கான் வைத்திருக்கும் தூரம் 46.5 மி.மீ. 1959 முதல் அந்தக் குடும்பத்தின் எஃப் மவுண்ட் கேமராக்களில் அந்த எண் மாறவில்லை. அதைக் காக்க மவுண்டுக்கு அடியில் காகிதம் போன்ற பித்தளை ஷிம் இருக்கும். கழற்றும்போது கீழே விழுந்த ஷிம்மை யாராவது மறந்து கூட்டிப் பெருக்கிவிட்டால், அந்த லென்ஸ் தூரத்தை ஒருபோதும் சரியாகக் காட்டாது. பௌர்ணமி அன்று டவரை விட்டு நிலவைப் பார்ப்போம். அந்த இரவுகளுக்காகவே இந்த வேலையில் இருந்திருக்கலாம்.

ஒருமுறை பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து ஒருவர் தேக்கு மரக் கேமரா ஒன்றைத் தூக்கி வந்தார், வாகீஸ்வரி. 1940களில் ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் செய்யத் தொடங்கியது. அவருடைய அப்பா வாத்தியக் கருவிகள் பழுது பார்ப்பவர்; ஆர்மோனியத்தின் துருத்தியும் கேமராவின் துருத்தியும் ஒரே கைவேலை என்பதால் அந்தக் குடும்பத்துக்குக் கேமரா வந்து சேர்ந்தது. அதில் மரைக்குழல் கிடையாது. பித்தளைப் பற்சட்டமும் பற்சக்கரமும். குமிழைத் திருகினால் முழுத் துருத்தியும் நீளும். பெரிய கண்ணாடித் தகட்டுக்கு அது போதும். 1925இல் லைக்கா 24க்கு 36 மி.மீ. ஃபிலிமை வைத்துக் கைக்கடக்கமான கேமராவைக் கொண்டுவந்தபோது படம் சிறுத்தது. அதைப் பெரிதாக்கும்போது பிழையும் கூடவே பெரிதாகும். மரைக்குழலின் நுணுக்கத்துக்கு வேலை வந்தது அங்கேதான். பாய் அன்று ஒரு மணி நேரம் அந்தக் குமிழைத் திருகித் திருகி விளையாடிக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லாம் மோட்டார். 1985இல் மினோல்டா கேமராவுக்குள் மோட்டாரை வைத்தது, 1987இல் கேனான் லென்ஸுக்குள்ளேயே வைத்தது. மோட்டார் சுளுவாகச் சுற்ற வேண்டும் என்பதற்காகக் கிரீஸும் இளகியது, வளையம் சுற்றும் தூரமும் குறைந்தது. அதனால்தான் அந்த லென்ஸ்களைக் கையால் திருப்பினால் தளர்ந்து தெரிகிறது. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களின் லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் தொடர்பே இல்லை. வளையம் எவ்வளவு திரும்பியது என்று ஒரு உணரி எண்ணிச் சொல்லும், உள்ளே ஒரு சிறு கண்ணாடியை மோட்டார் நகர்த்தும். அவை வேகமானவை, அவற்றால் எடுத்த படங்கள் அருமையானவை. அதை மறுக்க மாட்டேன். முதல் முறை அப்படி ஒரு லென்ஸ் கடைக்கு வந்தபோது பாய் மின்சாரமில்லாமல் அதை வெறுமனே திருப்பிப் பார்த்தார். வளையம் சுற்றியது, கண்ணாடி அசையவில்லை. மேசை மேல் வைத்துவிட்டார். அன்று மாலை வரை அதை அவர் மறுபடி தொடவில்லை.

தச்சங்குறிச்சிக்காரர் தன் லென்ஸை வாங்க வந்தது ஆனி மாதத்தில். வளையத்தை ஒருமுறை முழுக்கத் திருப்பினார், திரும்பவும் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் முறை திருப்பினார். பாய் என்னைப் பார்த்து நோட்டை நீட்டினார். என் கையெழுத்தில் அதில் ஏறிய முதல் வரி: ‘50, எஃப் 1.8. ஜல்லிக்கட்டுப் புழுதி. வெளிமரை பிரிந்தது ஏழரை மணி, உள்மரை பதினொன்றேகால். டவர் சரி. நிலவு பார்க்கவில்லை, மேகம்.’