வகுப்பறைக்கு எட்டாத கடல்

கிழக்குக் கரையோரக் கிராமமொன்றிலே உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன். தந்தை கடற்றொழிலாளி. சோழகம் எப்பொழுது ஓய்ந்து வாடை எப்பொழுது தொடங்கும், நீரோட்டம் எத்திசைக்கு இழுக்கும், பூரணையிலும் அமாவாசையிலும் நீர் எவ்வளவு ஏறும் என்பனவெல்லாம் தந்தைக்கு மனப்பாடம். அலைநீளமும் அதிர்வெண்ணும் மகனுக்கு மனப்பாடம். இருவரும் ஒரே கூரையின் கீழ் உறங்குகின்றனர். ஆயினும் ஒருவர் அறிந்தது மற்றவரை எட்டுவதில்லை.

பாடசாலையிலே கடல் துண்டுதுண்டாகக் கிடக்கின்றது. நீரோட்டம் புவியியலுக்கு, அலை பௌதிகவியலுக்கு, முருகைக்கல் உயிரியலுக்கு. பழந்தமிழ் நிலங்களைக் கொண்ட கடல்கோளோ தமிழ்ப் பாடத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புள்ளி உண்டு. இவையனைத்தும் பாடசாலை மதிலுக்கு அப்பால் இரையும் அந்த ஒரே கடலைப் பற்றியவை என்பதைச் சொல்வார் அரியர்.

இக்குறையின் விலை சிறிதன்று. கடல்கோள் அலையின் நீளம் நூறு கிலோமீற்றரையும் கடப்பதால் ஆழ்கடலும் அதற்கு ஆழமற்ற நீரே. புவியீர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் அதன் வேகம் கிடைக்கும். 4000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர். 10 மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 36 கிலோமீற்றர். வேகம் குறையக் குறைய அலை உயர்கிறது. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. இந்நாட்டில் மாண்டோர் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். தென்மேற்குக் கரையில் முதலலை வந்துபோன பின்னர் கடல் நெடுந்தூரம் உள்வாங்கியது. வெளிப்பட்ட தரையைக் காணச் சிலர் இறங்கிச் சென்றனர். முடிக்குப் பின் தாழியும், தாழிக்குப் பின் மீண்டும் முடியும் வரும் என்பது அலை பற்றிய முதற் பாடம். அது அக்கணத்தில் எவர்க்கும் உதவவில்லை.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெற் தீவிலே பத்து வயது ஆங்கிலச் சிறுமியொருத்தி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன்னர் புவியியல் வகுப்பிற் கேட்டது நினைவுக்கு வரவே, பெற்றோரை எச்சரித்தாள். கரையில் நின்றோர் விலகி உயிர் தப்பினர். அவளைக் காத்தது உயர்ந்த ஆராய்ச்சியன்று. கண்முன் நிகழ்வதோடு பொருந்திய ஒரு பாடமே.

றுகுணுப் பல்கலைக்கழகத்திலே கடல்சார் விஞ்ஞானத்துக்கு ஒரு பீடமுண்டு. யாழ்ப்பாணத்திலே கடற்றொழில் விஞ்ஞானத் துறையுண்டு. ஆயினும் அவற்றின் வாயிலை அடைவோர் சிலரே. கரையிலே வாழ்வோர் பலர். பாடசாலைக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. அளவு குறித்த கம்பமொன்றை நீரில் நாட்டி, ஒரு மாதகாலம் வற்றுப்பெருக்கைப் பதிந்து, பிறையோடு ஒப்பிடலாம். கிழக்குக் கரையில் அவ்வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாதலால் காற்றும் அலையும் கணக்கைக் குழப்பும். கோடு வளைந்த இடத்துக்குக் காரணம் தேடும் மாணவன் அன்றிரவு தந்தையிடம் கேட்பான். ஆசிரியர் செய்ய வேண்டியது, அந்தக் கேள்விக்கு அவனை அனுப்புவதே.