ருவான்வெல்லையில் ஒரு விடியலும் சில முதுகுகளும்

கொழும்பிலிருந்து அவிசாவளை வந்து, அங்கிருந்து அட்டன் செல்லும் பாதையைப் பிடித்துக் கரவனெல்லை வரை சென்று சற்றே விலகினால் ருவான்வெல்லை. களனி கங்கையோடு கலக்கப் போகும் குருகொடை ஓயா இப்பக்கமாகத்தான் ஓடுகிறது. கடைத்தெரு சிறியது, மழை பெரியது. அந்நியர் ஆட்சிக் காலத்துக் கோட்டை ஒன்றின் வாயில் வளைவை இங்கே இன்றும் காணலாம். சரித்திரப் பிரியர்கள் இன்னொரு செய்தியையும் நினைவுகூர்வர். 1934-35 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது, பருப்பும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்ற கலாநிதி என். எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மகாத்தயா' என்றே அழைத்தனர். 1936 இல் அரசாங்க சபைக்கு அவர் தெரிவானதும் இந்த ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்துதான்.

கோட்டையையும் கங்கையையும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் இவ்வூரின் பாதியைத்தான் பார்த்தவராவர். மறுபாதி இறப்பர்க் காட்டுக்குள் இருக்கிறது. அதனைக் காண வேண்டுமாயின் வைகறையில் எழுந்திருக்க வேண்டும்.

1876 ஆம் ஆண்டில் அமேசன் காட்டு விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் இலண்டன் வழியாகக் கம்பகாவுக்கு அருகிலுள்ள எனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து பரவிய மரம் களனிப் பள்ளத்தாக்கின் ஈரமண்ணை மிகவும் விரும்பிவிட்டது. அன்று முதல் இம்மலைச்சரிவுகளில் சூரியன் எழும் முன்பே மனிதர்கள் எழ வேண்டியதாயிற்று. மரத்தின் உடலில் நீர்ப்பிடிப்பு மிகுந்திருக்கும் வேளை விடியற்காலை. அப்போது வெட்டினால்தான் பால் தாராளமாக வழியும். வெயில் ஏற ஏற மரம் கருமியாகிவிடும். ஆகையால் லயங்களில் இருட்டிலேயே விளக்கெரிகிறது. தேநீரும் ரொட்டியும் முடிகின்றன. பிரட்டில் பேர் கொடுத்துவிட்டு, வெட்டுக்கத்தியும் வாளியுமாக ஆண்களும் பெண்களும் மலையேறுகின்றனர்.

நாமும் அவர்கள் பின்னால் ஏறினோம்.

பால் வெட்டுதல் தூரத்திலிருந்து பார்ப்போருக்கு இலகுவான வேலைபோலத் தோன்றும். மரத்தண்டை நிற்கிறார்கள்; கத்தி சர்ரென்று சாய்வாக இறங்குகிறது; காகிதம் போன்ற பட்டைச் சீவல் உதிர்கிறது; வெண்மணிபோல் பால் துளிர்த்து வடிகாலில் ஓடிச் சிரட்டையில் விழுகிறது. அரை நிமிடக் காரியம். ஆனால் ஒருவருக்கு ஒரு காலையில் 250 முதல் 300 மரங்கள் வரை உண்டு. வெட்டும்போது ஒரு முறை, பால் எடுக்கும்போது இன்னொரு முறை என்று கணக்கிட்டால் ஐந்நூறு, அறுநூறு தடவை மரத்தின் முன் குனிய வேண்டும். எந்தக் கோயிலிலும் எந்தப் பக்தரும் இத்தனை வணக்கம் செய்வதில்லை.

இதில் நமக்குப் புதிதாகத் தெரிந்த செய்தி ஒன்றுண்டு. புதிதாகப் பால் வெட்டத் தொடங்கும் இளமரத்தில் வெட்டு ஏறத்தாழ நான்கடி உயரத்தில் ஆரம்பமாகிறது. அப்போது வெட்டுபவர் நிமிர்ந்து நின்றே வேலை செய்யலாம். ஒவ்வொரு வெட்டும் பட்டையில் மெல்லிய ஓர் இழையைத் தின்றுகொண்டே கீழிறங்குகிறது. ஐந்தாறு ஆண்டுகளில் அது மரத்தின் அடி வரை வந்துவிடுகிறது. வெட்டோடு சேர்ந்து வெட்டுபவரின் முதுகும் இறங்குகிறது. மார்பளவில் நின்ற கை இடுப்பளவுக்கும், இடுப்பளவிலிருந்து முழங்காலளவுக்கும் வருகிறது. பிறகு மரத்தின் மறுபுறத்தில் மீண்டும் நான்கடி உயரத்தில் தொடங்குவார்கள். மரத்துக்குப் புதிய பட்டை வளர்கிறது. முதுகுக்கு அவ்வாறு ஏதும் வளர்வதில்லை.

விடியற்காலையைப் பற்றி மேலே கூறினோமல்லவா? அதில் ஒரு விந்தை இருக்கிறது. நமது முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. பகல் முழுவதும் உடற்பாரத்தால் நசுங்கி நீரை இழக்கும் இத்தட்டுகள், இரவில் நாம் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. அதனாலேதான் காலையில் எழும் மனிதன் இரவு படுக்கச் சென்ற மனிதனைவிட ஒரு சென்ரிமீற்றருக்கும் சற்று அதிகமான உயரத்துடன் எழுகிறான். உப்பிய தட்டு இறுகி நிற்கும். அந்நேரத்தில் குனிந்தால் முதுகுக்கு ஏற்படும் சிரமமும் அதிகம். நாட்பட்ட இடுப்புவலி உடையோரை, எழுந்தபின் முதற் சில மணிநேரம் குனியாதிருக்கும்படி பழக்கியபோது வலி குறைந்ததென அமெரிக்க ஆய்வாளர் ஸ்நூக்கும் அவர் குழுவினரும் 1998 இல் வெளியிட்டனர். மரம் நீரேறி நிற்கும் அதே வேளையில் மனிதன் முதுகும் நீரேறி நிற்கிறது. மரத்துக்கு உகந்த நேரம் முதுகுக்கு உகாத நேரமாக அமைந்துவிட்டது. இதற்கு யாரைக் கோபிப்பது?

இவ்வாறு எண்ணியபடி மலைப்பாதையில் இறங்கியபோதுதான் நாயோடு வந்த பெரியவரைச் சந்தித்தோம். முப்பது வருடங்களுக்கு மேல் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். இப்போது பக்கத்து வளவுக்காரர் ஒருவரின் நாயைக் காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போய்வரும் வேலை. நாயோ கன்றுக்குட்டி போலிருந்தது. பெரியவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மறு கையை இடுப்பில் ஊன்றி, சற்றே கோணலாக நடந்து வந்தார்.

"பால் வெட்டுறப்பகூட இப்படி வலிச்சதில்லைங்க ஐயா. மரம் நின்ன இடத்திலே நிக்கும். இவன்தான் இழுக்கிறான்" என்றார்.

"அப்படியானால் நடையை விட்டுவிடலாமே, தாத்தா?"

"விட்டா இன்னும் மோசங்க. ரெண்டு நாள் மழைக்கு லயத்துக்குள்ளேயே குந்தியிருந்தேன். மூணாம் நாள் எந்திரிக்கவே முடியலே."

பெரியவர் சொன்னது முற்றிலும் உண்மை என்று வைத்திய உலகமும் இப்போது கூறுகிறது. ஒரு காலத்தில் முதுகுவலி என்றால் பலகைக் கட்டிலில் வாரக் கணக்கில் படுத்திருக்கச் சொன்னார்கள். அந்த அபிப்பிராயம் மாறிவிட்டது. அவுஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2024 இல் வெளியாயிற்று. படிப்படியாக வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி என்ற அளவை நோக்கி நடந்தவர்களுக்கு, வலி மீண்டும் வர நடுத்தரமாக 208 நாட்கள் சென்றன. நடவாதோருக்கோ 112 நாட்களிலேயே திரும்பிவிட்டது. செலவில்லாத மருந்து. நாய் வளர்ப்பவருக்கு இம்மருந்தைத் தவிர்க்கவும் வழியில்லை. வாசலில் வந்து நின்று குரைக்கும்.

பெரியவரைத் துன்புறுத்தியது நடையன்று. நடையோடு வந்த இழுப்பு. கை நீட்டி ஒருபக்கமாகப் பிடித்த கயிற்றை நாய் திடீரென்று வெட்டி இழுக்கும்போது, தோளிலிருந்து இடுப்புவரை உடல் முறுகுகிறது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் இதனினும் கெடுதல். அருகில் நின்று இரு கைகளாலும் தொப்புளுக்கு நேராகப் பிடித்தால் இழுப்பு உடலின் நடுவில் விழும். கால்கள் அதனைத் தாங்கிக்கொள்ளும். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். நாய் இழுக்கும்போதெல்லாம் அசையாது நின்றுவிட்டு, கயிறு தளர்ந்தபின் நடக்கத் தொடங்கினால், இழுத்தால் பயணம் நின்றுபோகும் என்று நாய்க்கே சில நாட்களில் விளங்கிவிடும். கழுத்துப்பட்டிக்குப் பதிலாக, முன்புறத்தில் வளையமுள்ள மார்புப்பட்டி போட்டால் அதன் பலம் பாதியாய்க் குறைந்ததுபோல் இருக்கும். எழுந்தவுடன் குனிந்து கயிறு கட்டுவதற்குப் பதில், ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து கட்டுவது நலம். முதல் ஐந்து நிமிடம் மெதுநடை.

இவற்றைப் பெரியவரிடம் கூறியபோது பொறுமையாகக் கேட்டார். பிறகு, "முட்டிக்கால் போட்டுக் கட்டுறது எனக்குப் புதுசில்லைங்க. அடிவெட்டு வந்த மரத்துக்கு அப்படித்தானே உக்காருவோம்" என்றார். நாம் புத்தகத்தில் படித்ததை அவர் முழங்கால் முன்பே அறிந்திருந்தது. தாழ்ந்த வெட்டுக்கு இடுப்பை மடிக்காமல் முழங்காலை மடிப்பதும், நின்ற இடத்திலிருந்தே உடலை முறுக்காமல் மரத்தைச் சுற்றிக் காலை எடுத்து வைப்பதும் தேர்ந்த வெட்டுக்காரர்களிடம் நாம் கண்ட வழக்கங்கள். இளையோர் அவசரத்தில் இவற்றை விட்டுவிடுகின்றனர். மழை பிடிப்பதற்குள் மரங்களை முடிக்க வேண்டுமென்ற அவசரம் அவர்களுக்கு. அதைக் குறை கூறவும் நமக்கு மனமில்லை.

எண்ணெய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நொச்சியிலை ஒற்றடம், சூடான தவிட்டு முடிச்சு, நாட்டு வைத்தியரின் தைலம் என்று லயத்துக்கு லயம் ஒரு கைமுறை இருக்கிறது. சூடும் தேய்ப்பும் இறுகிய தசையைச் சிறிது நேரம் இளக்கும். அந்த இளக்கத்தில் எழுந்து நடந்தால் பயனுண்டு, படுத்துக்கொண்டால் இல்லை. இடுப்பில் கட்டும் பட்டிகளை விலைகொடுத்து வாங்குவோர் சற்று யோசிக்க வேண்டும். நாட்பட்ட இடுப்புவலிக்கு அத்தகைய பட்டிகளைப் பரிந்துரைக்க முடியாதென உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியிருக்கிறது. உடற்பயிற்சியை அது பரிந்துரைக்கிறது. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடி 90 இலட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்ததென்றும் அந்நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே இது இறப்பர்க்காட்டுக்கு மட்டும் உரிய சொத்தன்று.

ஆயினும் சப்பிரகமுவைக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. இதனைக் குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம். இங்கே முதுகுவலி எல்லாம் வேலை வலி ஆகிவிடாது. கேகாலையும் இரத்தினபுரியும் எலிக்காய்ச்சல் அதிகமாகக் காணப்படும் மாவட்டங்கள். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் வெறுங்காலோடு நடப்பவரின் சிறு கீறல் வழியே அக்கிருமி புகுந்துவிடும். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தாங்கமுடியாத வலி என்று அது தொடங்கும். வாளி தூக்கிய வலியென எண்ணித் தைலம் தடவிக்கொண்டு இரண்டு மூன்று நாள் படுத்திருந்தால், சிறுநீர் குறைந்து சிறுநீரகமே பழுதாகக்கூடும். காய்ச்சலோடு வரும் முதுகுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும் ஆபத்து. டெங்கு ஆனாலும் எலிக்காய்ச்சல் ஆனாலும் சில மாத்திரைகள் தீங்கையே விளைவிக்கும். தாமதியாமல் கரவனெல்லை ஆதார வைத்தியசாலைக்குச் சென்று, 'சேற்றில் வேலை செய்தேன்' என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் பாதி நோயைக் காட்டிக் கொடுத்துவிடும். காய்ச்சலின்றியும், காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமற் போனாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நாம் பால் நிறுக்கும் இடத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வரிசையாக வாளிகள் வந்துகொண்டிருந்தன. இறப்பர்ப் பால் ஏறக்குறைய நீரின் எடையே கொண்டது. பத்து லீற்றர் என்றால் பத்துக் கிலோவுக்குச் சற்றே குறையும். பெரிய வாளி ஒன்றை ஒரு கையில் தூக்கி ஒருபக்கம் சரிந்து வந்தவர்களே பலர். ஒரே ஒரு நடுவயதுப் பெண்மணி மாத்திரம் இரண்டு சிறிய வாளிகளை இரு கைகளிலும் ஏந்தி நேராக நடந்து வந்தார். ஏன் அவ்வாறு என்று கேட்டோம்.

"கிணத்துல தண்ணி தூக்குறப்ப எங்கம்மா இப்படித்தான் தூக்கும்" என்றார். கணக்கப்பிள்ளை அளவைக் குறித்துக்கொள்ளும் வரை காத்திருந்து, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்புறமாக மெல்ல வளைந்து வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்திருந்தது. ஒட்டுப்பாலை எடுத்துக்கொண்டு மழைக்கு முன் லயத்துக்குப் போய்விட வேண்டுமென்று கூறி வேகமாக இறங்கினார்.