கை அளவு போதுமா?

லாரி முன்சக்கரத்தில் டேப்பர் பேரிங் மாற்றும்போது, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்க வேண்டும். அப்போதுதான் ரோலர்கள் ஒழுங்காக உட்காரும். பிறகு நட்டைத் தளர்த்தி, விரலால் முடிந்தவரை மட்டும் திருகி, ஸ்பிளிட் பின் போட வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் உள்ளங்கையில் லேசாக ஒரு 'டொக்' தெரியலாம். பதறாதீர்கள், சூடேறி விரிய அந்த இடம் வேண்டும்.

இன்றைய கார்களில் கதை தலைகீழ். சீல் பண்ணிய பேரிங். பல வண்டிகளில் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கம் கேட்கும். அதற்கு டார்க் ரெஞ்ச்தான், ஏர் கன் அல்ல. முழுதாக இறுக்குமுன் ஜாக்கியை இறக்கி வண்டிப் பாரத்தை ஏற்றினால் புதுப் பேரிங்கே கெட்டுவிடலாம். “எல்லாம் கை அளவுதான் சார்” என்கிற பட்டறையில் நான் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வேன். பழைய நட்டையே மாட்டப் போனாலும்தான்.