எந்தப் பக்கத்து ஓசை?

பென்னாகரம், பாலக்கோடு வட்டாரங்களின் காட்டோரச் சிற்றூர்களில் கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் உழவர்கள் இரவெல்லாம் பரண்மீது விழித்திருப்பார்கள். யானை வருவதை அவர்களுக்கு முதலில் உணர்த்துவது செவியே. கிளையொன்று முறியும் ஓசை கேட்ட அந்நொடியிலேயே, கிழக்கு வரப்பா ஓடைப் பக்கமா என்று கை நீளும். விளக்கின் ஒளியும் அப்பக்கமே பாயும். ஓசை எதனுடையது என்று சொல்வது செவியின் பணிகளுள் பாதிதான். எங்கிருந்து வந்தது என்று சொல்வது மறுபாதி. இந்த மறுபாதியை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

என்னை எண்ண வைத்தவர் என் மாணவி ஒருத்தியின் தந்தை. கல்குவாரியில் பாறை துளைக்கும் தொழிலாளி. பெற்றோர் கூட்டத்தில் நான் கூறியவற்றை அவருடைய மகள் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. வேலையிடத்தில் காதடைப்பான் தரவில்லையா என்று கேட்டேன். தந்திருந்தார்கள், சட்டைப் பையிலிருந்து எடுத்தே காட்டினார்.

"போட்டா சத்தம் கொறையுதுங்க சார். ஆனா டிப்பரு எந்தப் பக்கம் வருதுன்னு தெரிய மாட்டேங்குது. காது போனா பொழச்சுக்கலாம்; காலு போனா என்ன பண்றது?"

அவரை அறியாதவர் என்று ஒதுக்க என் மனம் இசையவில்லை. உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் கேளாமையைத் தொழிற்சாலைகள் சட்டம் (1948) தன் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோய்களுள் ஒன்றாகவே வைத்திருந்தது. எனினும் கேளாமை ஆண்டுக்கணக்கில் வருவது. வண்டி நொடியில் வருவது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று ஒரு தொழிலாளியிடம் சொல்லும் கருவி முழுமையான கருவி ஆகாது.

திசையறிவு எவ்வாறு பிறக்கிறது? இடப்புறத்து ஒலி இடச்செவியை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றி வலச்செவியை அடையச் சற்றுக் காலம் கொள்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், இவ்வேறுபாடு மிகுந்தால் நொடியின் பத்தாயிரத்தில் ஏழு பங்குதான். அதனினும் நுண்ணிய, நூறாயிரத்தில் ஒரு பங்கையும் நம் மூளை கண்டுகொள்கிறது! கீச்சொலிகளுக்கு வேறொரு குறிப்பு உண்டு. தலை அவற்றை மறைத்து ஒலிநிழல் வீழ்த்துவதால், அப்புறச் செவியில் அவை மெலிந்து கேட்கின்றன. இவ்விரு குறிப்புகளையும் இணைத்து 1907ஆம் ஆண்டில் விளக்கியவர் இராலே பிரபு என்னும் ஆங்கில இயற்பியல் அறிஞர். (கூகை இதில் நம்மை விஞ்சியது. அதன் செவித்துளைகள் ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாக அமைந்திருப்பதால், இருளில் எலியிருக்கும் இடத்தை மேல்கீழாகவும் அளந்துவிடுகிறது.)

பஞ்சுபோன்ற எளிய காதடைப்பான் கீச்சொலிகளை மிகுதியாகத் தடுக்கிறது. எனவே திசை மங்குகிறது. மின்னணுக் காதடைப்பான் இதற்கு விடையாக வந்தது. வெளிமுகத்தில் ஓர் ஒலிவாங்கி, உள்ளே ஒரு சிறு ஒலிபெருக்கி. பேச்சை உள்ளே விடும், பேரோசையை அடக்கும். ஆயினும் இரு செவிகளிலும் உள்ளவை தனித்தனியே முடிவெடுத்தால் புதிய தொல்லை பிறக்கும். இடப்புறத்தில் ஓர் எந்திரம் உறுமுகிறது என்று கொள்வோம். இடச்செவியில் 95 டெசிபல். ஒலிநிழலில் உள்ள வலச்செவியில் 85. கருவிகள் 85க்கு மேல் விடுவதில்லை. இடக்கருவி 10 டெசிபல் குறைக்கும். வலக்கருவி எதையும் குறைக்காது. உள்ளே இரண்டும் 85! ஒலியளவை மட்டும் நம்பினால் எந்திரம் நேரெதிரே நிற்கிறது. காலவேறுபாடோ இடப்புறம் என்கிறது. எதை நம்புவது என்று மூளை தடுமாறும்.

இரு கருவிகளையும் ஒன்றோடொன்று பேச வைப்பதே வழி. பேரோசை கேட்கும் பக்கம் எவ்வளவு குறைக்கிறதோ, அவ்வளவே மறுபக்கமும் குறைக்க வேண்டும். அப்போது இடப்புறம் 85, வலப்புறம் 75. பத்தின் வேறுபாடு குலைவதில்லை. ஒலியைக் கையாள இரண்டும் எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் காலக்குறிப்பு கெடும். இதற்கு ஒரு விலையும் உண்டு: வலப்புறத்தில் ஒருவர் மெல்லப் பேசினால் அதுவும் சேர்ந்தே குறையும். திசைக்காக அதை இழக்கலாம் என்பதே என் கருத்து.

கருவிகளுக்கு நடுவே தலை இருக்கிறதே, செய்தி எவ்வாறு செல்லும்? வானொலி அலைகளை உடல் பெருமளவு உறிஞ்சிவிடும். காந்தப்புலமோ எளிதில் ஊடுருவும். ஆகவே காந்தத் தூண்டல் வழியே செய்தி அனுப்புவது பெருவழக்காயிற்று. செவித்திறன் கருவிகளில் இத்தகைய கம்பியில்லா ஒருங்கிணைப்பைச் சீமென்ஸ் நிறுவனம் 2004ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது.

இதனாலும் தீராத குழப்பம் ஒன்றுண்டு. முன்னிருந்து வரும் ஒலிக்கும் பின்னிருந்து வரும் ஒலிக்கும் இரு செவிகளிடையே வேறுபாடு ஏறக்குறைய இல்லை. அவற்றைப் பிரித்தறிய உதவுவன காதுமடலின் மடிப்புகள். காதடைப்பான் அம்மடிப்புகளில் ஒரு பகுதியை மூடிவிடுகிறது. குவாரியில் பின்னோக்கி வரும் வண்டியே பேரிடர் என்பதால் இதைச் சிறு குறையென்று தள்ள இயலாது. இதற்குச் செவியில் மட்டுமின்றி வண்டியிலும் செய்யத்தக்கது ஒன்று உள்ளது. பின்னோக்கி வரும்போது 'பீப், பீப்' என்று எழும் ஒற்றைச் சுருதி ஒலியின் திசையை, வெறுஞ்செவியாலும் துல்லியமாக அறிவது கடினம். பல சுருதிகள் கலந்த 'புஸ், புஸ்' என்னும் ஒலியானால் திசை எளிதில் புலப்படும். அத்தகைய எச்சரிக்கை ஒலிப்பான்கள் இன்று சந்தையில் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்த வேண்டியவர்கள் வண்டியின் உரிமையாளர்கள்.