"பில் போடாதீங்க சார்"

நேற்று திருப்போரூர் பக்கம் ஒரு மனை, கடனுக்கான மதிப்பீடு. வெயிலில் வண்டி ஓட்டிப் போய், நாலு பக்கமும் டேப் பிடித்து, பத்திரத்தின் சர்வே எண்ணைப் பட்டாவோடு ஒப்பிட்டு, அந்தத் தெருவில் சென்ட் என்ன விலைக்குப் போகிறது என்று டீக்கடையில் விசாரித்து, ராத்திரி பதினொன்றுக்கு ரிப்போர்ட் அனுப்பினேன். காலையில் கடன் கம்பெனியிலிருந்து போன்: "லோன் டிராப் ஆயிருச்சு சார், பில் போடாதீங்க."

மதிப்பீட்டுக் கட்டணத்தை வாடிக்கையாளர் முன்னாடியே கட்டிவிட்டார். அது எங்கே போனது என்று கேட்டால் அவர்களுடைய மதிப்பீட்டாளர் பேனலில் என் பெயர் இருக்காது.

இதைவிட எரிச்சல், அங்கிருந்தே வரும் இன்னொரு வகை போன். "ஒரு அஞ்சு லட்சம் ஏத்திக் காட்டுங்க சார்." நாளைக்கு அந்தக் கடன் வாராக்கடனானால் என் கையெழுத்தைத்தான் முதலில் தேடுவார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் ஏறினால் பிழைப்பு போச்சு. ஏத்தச் சொன்னவரோ அதற்குள் வேறு கம்பெனியில் இருப்பார்.

இந்த நெருக்கல் இங்கே மட்டுமில்லை. அமெரிக்காவில் வீட்டுக்கடன் சரிவுக்குப் பிறகு, 2010இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம் மதிப்பீட்டாளரை நெருக்குவதைத் தடை செய்தது; அந்தப் பகுதியில் வழக்கமான, நியாயமான கட்டணம் தரவேண்டும் என்றும் சொன்னது. அங்கேயும் மதிப்பீட்டை ஏற்பாடு செய்யும் இடைநிலைக் கம்பெனிகள் கட்டணத்தில் கைவைப்பதாகப் புலம்பல் ஓயவில்லை. இருந்தாலும் காட்டிப் பேச ஒரு சட்டமாவது இருக்கிறது.

பில்லை அனுப்பிவிட்டேன். பெட்ரோல் காசாவது வருதா பார்ப்போம்.