ஆவி படியாக் கண்ணாடி

கல்வராயன் மலையை மார்கழிப் பனி மூடக் கண்டு களித்தவரே யாம். அதனையொத்த பனி ஒரு கண்ணாடியளவில் மூடினும் கேடு விளையும் என்று அறிந்தது சென்ற ஆண்டிலேதான். தமிழ் பயிலும் எமக்கும் இரசாயனசாலைக்கும் யாது இயைபு என வினவுவீராயின், எம் தம்பியே இயைபு.

கள்ளக்குறிச்சியில் மேல்நிலை வகுப்புப் பயிலும் அவன், உப்பொன்றைச் செறிந்த கந்தகத் திராவகத்துடன் சூடாக்கும்பொழுது, அணிந்திருந்த காப்புக்கண்ணாடி முழுதும் வெண்படலம் மூடிற்று. கண் தெரியாமையால் அதனை நெற்றிமேல் ஏற்றிவிட்டான். அக்கணமே அயலில் நின்றவனுடைய சோதனைக்குழாய் பொங்கித் தெறித்தது. ஒரு துளி புருவத்தில் விழுந்தது. ஆசிரியர் ஓடிவந்து கால்மணி நேரம் குழாய்நீரிற் கழுவியதால் கண் பிழைத்தது, வடு நின்றது. "கண் தெரிந்திருந்தால் ஏற்றியிரேன், அக்கா" என்றான். கடிந்துகொள்ள எமக்கு நா எழவில்லை.

புதியது தேடிக் கடைவீதிக்குச் சென்றோம். கடைக்காரர் முதலில் எடுத்துவைத்தது பக்கமெல்லாம் நேர்த்துளைகள் உடையது. இரும்பு தேய்ப்போர் அணிவது. "இதில் ஆவியே படியாதம்மா" என்றார். மெய்யே, ஆயின் ஆவி வெளியேறும் துளைவழியே திராவகம் உட்புகுமன்றோ! துளையே இல்லாத மற்றொன்று தெறிப்பைத் தடுக்கும்; மூச்சையும் வியர்வையையும் உள்ளே அடைத்துக்கொள்ளும். மூன்றாவதில் துளைகளுக்கு மூடியிட்டு, காற்று மட்டும் வளைந்து செல்ல வழி அமைத்திருந்தனர். இ.என். 166 என்னும் ஐரோப்பிய விதிப்படி குறியிட்டது அது. சட்டத்தில் '3' என்ற எண் துளித் தெறிப்பைத் தாங்கும் என்பதற்கும், வில்லையில் 'என்' என்ற எழுத்து ஆவி படிதலைத் தாங்கும் என்பதற்கும் அடையாளம். விலையோ மும்மடங்கு.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலையிலுள்ள அத்தை வீட்டிற்குச் சென்றபோது, பழையதையும் புதியதையும் இரவெல்லாம் திண்ணையில் வைத்து, விடியலில் இட்டிலிப் பானையின் ஆவிமேல் பிடித்தோம். குளிர்ந்த வில்லையில் ஆவி நுண்துளிகளாய்ப் படிந்து ஒளியைச் சிதறடிப்பதே வெண்மைக்குக் காரணம். பழையது உடனே வெளுத்தது. புதியதன் பூச்சு நீரை ஈர்ப்பதாதலின், நீர் துளியாய்த் திரளாது மெல்லிய படலமாய்ப் பரவிற்று. அடுப்புத் தீ சற்றே நெளிந்தாலும் தெளிவாகத் தெரிந்தது.

"இத்தனை பாடு எதற்கு? சவக்காரத்தைத் தேய்த்துவிடு" என்றார் அத்தை. தேய்த்தோம். பழையதும் சிறிது நேரம் தெளிவாகவே நின்றது! மும்மடங்கு விலை கொடுத்த எமக்குச் சற்றே நாணமாயிற்று. ஆயினும் சவக்காரத்தை ஒவ்வொரு முறையும் பூசவேண்டும். எம் தம்பியோ தலைவாருவதையே மறப்பவன்.

புதியதையும் அவன் ஒருநாள் சட்டை நுனியால் உலரத் தேய்க்கக் கண்டு பிடுங்கிக்கொண்டோம்; அவ்வாறு தேய்த்தால் பூச்சு தேய்ந்துபோம். அதன்பின் நீரில் அலசி நிழலில் உலர்த்தப் பழகினான். செய்முறைத் தேர்வு முடிந்து வீடு திரும்பிய அன்று, அவன் கன்னத்தில் விளிம்பு பதிந்த தடம் மாலைவரை மறையவில்லை.